பழுதின் இடம்

சாவியைத் திருப்பினால் டிக்டிக்கென்ற சத்தம், வேறொன்றுமில்லை. அப்பாவின் பழைய கார். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். விமர்சகனுக்குத் தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது.

அவர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு அநேகமாய் அணைந்துவிட்டது. "கரன்ட்டே பத்தலை சார்" என்றார். பாட்டரி முனைகளைச் சுரண்டி முடுக்கினார், பயனில்லை. இன்னொரு பாட்டரியிலிருந்து கேபிள் கொடுத்ததும் என்ஜின் சுழன்று பிடித்துக்கொண்டது. ஆக, ஸ்டார்ட்டர் குற்றவாளியில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு, ஓடுகிற வண்டியில் மீட்டரை வைத்தார்: 12.1 வோல்ட். 14ஐ ஒட்டி இருக்கவேண்டும். ஆல்டர்னேட்டரைப் பிரித்தால், கார்பன் பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தன.

இரவுகளில் விளக்கெரித்து வீடு திரும்பியதெல்லாம் பாட்டரியின் கையிருப்பில். வரவே விழாமல் பற்று மட்டும் எழுதப்பட்ட கணக்கு. பாங்கில் நாள் முழுதும் கணக்குப் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை. வண்டி ஓடும்போதும் சார்ஜ் விளக்கு மங்கலாய் எரிந்ததைப் பல நாள் பார்த்திருக்கிறேன்; பொருட்படுத்தவில்லை.

போன மாதம் ஒரு நண்பரின் தொகுப்பைப் பற்றி, மொழியில் உயிரில்லை என்று எழுதியிருந்தேன். நின்ற இடத்தையே பழுதின் இடமென்று குறித்திருக்கிறேன். அவருக்கு வரவு எங்கே நின்றது என்று கேட்கவில்லை. கட்டுரையை மறுபடி படித்தேன். சோதனை ஒன்றுகூட இல்லை, தீர்ப்பு மட்டும்.