பெற்றோருக்குப் பாடம் சொல்லப்போன கதை

"உங்களுக்கு எத்தனை பிள்ளையள், தங்கச்சி?"

முதல் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள்ளேயே இவ்வினா எழுந்தது. சுவரிலே தொங்கவிட்ட படங்களின் முன்னே நின்ற எனக்கு வயது இருபத்திரண்டு, திருமணமாகவில்லை. கேட்டவர் மூன்று பிள்ளைகளின் தாய். கேள்வியிலே குத்தல் எதுவும் இருக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த எந்தப் பெண்ணிடமும் கேட்கப்படும் கேள்விதான். ஆயினும் பாயில் அமர்ந்திருந்த பதினாறு தாய்மாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பிள்ளை வளர்ப்பது எவ்வாறு என்று அவர்களுக்குச் சொல்வதற்கென எட்டு வாரத்துக்குரிய பாடங்களை என் பைக்குள் வைத்திருந்தேன்.

கலைப்பீடத்தின் மூன்றாம் ஆண்டுக் களப்பயிற்சிக்காக ஒரு தொண்டு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, வலிகாமம் வடக்கின் கரையோரத்திலே, மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தின் முன்பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் சென்றுவந்தேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய குடும்பங்களுக்கு வழிகாட்டுவது திட்டத்தின் நோக்கம். அப்பகுதியின் வரலாறு இவ்விதழின் வாசகருக்குப் புதிதன்று. 1990இல் இடம்பெயர்ந்த மக்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக உறவினர் வீடுகளிலும், மல்லாகம், கோணாப்புலம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களிலும் காலங்கழித்தனர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையிலேதான் விடுவிக்கப்பட்டது. ஆகவே, இன்று அங்கே கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாரிற் பலர் அந்த மண்ணிலே பிறந்தவரல்லர். முகாமிலே பிறந்து, முகாமிலே பள்ளிக்குப் போய், மணமான பின்னரே 'சொந்த ஊரை' முதன்முதலிற் கண்டவர்கள். இந்தச் சிறு உண்மையின் கனம் எனக்கு முதலிரு வாரங்களிலும் விளங்கவில்லை.

எமக்குத் தரப்பட்ட கைந்நூல் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. 'துலங்கற் பராமரிப்பு' என்றொரு தொடர் அதிலே பக்கந்தோறும் வரும். அதனை நான் உரக்க வாசித்தபோது தாய்மாருக்குத் துலக்கிய பாத்திரங்களே நினைவுக்கு வந்திருக்கும். தமிழ்ச் சங்கத்தின் இதழிலே இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? பேச்சு வருமுன்னரே பிள்ளை கேட்கத் தொடங்கிவிடுகிறது. அழுகையாற் கேட்கிறது, பார்வையாற் கேட்கிறது, கையை நீட்டிக் கேட்கிறது. அதைக் கவனித்து மறுமொழி கொடுப்பதுதான் அத்தொடரின் பொருள். இவ்வாறு சொன்னதும் ஒரு தாய், "ஓ, அதுவோ" என்றார்.

கருத்து நல்ல கருத்தே. அதற்குச் சான்றும் உண்டு. ஜமெய்க்காவின் தலைநகரான கிங்ஸ்ரனில் 1986-87 காலப்பகுதியிலே, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து ஓர் ஆய்வு தொடங்கினர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு, பெரிய படிப்புப் படித்தவரல்லாத சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒரு மணித்தியாலமாக இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டிலே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு பிள்ளையோடு விளையாடும் வகையைத் தாய்க்குக் காட்டினர். இருபது ஆண்டுகளின் பின்னர் அதே பிள்ளைகளைத் தேடிச்சென்று பார்த்தபோது, அவ்வாறு விளையாடப்பெற்றவர்கள் மற்றையோரைவிட ஏறத்தாழ 25 வீதம் கூடுதலாக உழைப்பது தெரியவந்தது. அம்முடிவு 2014இல் வெளியானது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் உலக வங்கியும் இணைந்து வெளியிட்ட சட்டகம் உடல்நலம், போசாக்கு ஆகியவற்றோடு பிள்ளையின் பாதுகாப்பையும், அதன் குறிப்பறிந்து நடத்தலையும், இளமைக் கற்றலையும் ஒரே வரிசையில் வைத்தது. எமது கைந்நூலின் பிறப்பிடம் இவையே.

இலங்கையில் இப்பணி வெறுந்தரையிலே தொடங்கவுமில்லை. 1926இற் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு ஏற்பட்ட காலந்தொட்டு வீடுதேடி வரும் மருத்துவிச்சியின் மரபு நமக்குண்டு. இன்று அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். 1973 முதல் திரிபோஷாவும் வருகிறது. பிள்ளையின் நிறை, உயரம், ஊசி யாவும் பதியப்பட்ட பதிவேடு ஒன்று ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்கிறது. வீடு எரிந்தாலும் அதனை எடுத்துக்கொண்டு ஓடிய தாய்மார் நம்மிடையே உள்ளனர்.

அப்பதிவேட்டிலே, எந்த மாதத்திற் பிள்ளை தலை நிமிர்த்தும், எப்போது இருக்கும், எப்போது கைதட்டும் என்றொரு பகுதியும் உண்டு. அதைப் பார்த்த அன்று எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மாதத்திற் செங்கீரை, ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் வாரானை என்று நம் புலவர் வகுத்த பருவங்கள் இந்த அட்டவணைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றன! முதல் வகுப்பிலே இதைச் சொல்லித் தாய்மாரை வியக்கவைக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன், சொன்னேன், ஒருவரும் வியக்கவில்லை. பின்னர் யோசித்துப் பார்த்தேன். அப்பாடல்கள் முருகனுக்கும் மீனாட்சிக்கும் அரசருக்கும் பாடப்பட்டவை. பாடியோரிற் பெரும்பாலார் ஆடவர். தகரக் கொட்டிலிலே பிறந்த பிள்ளையைச் செங்கீரையாட அழைத்த புலவர் எவருமில்லை. மாறாக, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத் தொடக்கிவிட்டபோது, நான் நிறுத்திய இடத்திலிருந்து பாய் முழுவதும் சேர்ந்து பாடி முடித்தது. முன்பள்ளி அதிர்ந்தது. இரண்டாம் வாரம் அவ்வாறு நன்றாகவே போயிற்று.

நிற்க. மூன்றாம் வாரத்துப் பாடம் 'பிள்ளையோடு பேசுதல்'. சமைக்கும்போதும் குளிக்கவார்க்கும்போதும் பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். செய்வதைச் சொல்லிச்சொல்லிச் செய்யவேண்டும். இதனை நடித்துக் காட்டும்படி தாய்மாரைக் கேட்டேன். பாடியவர்கள் எல்லோரும் இப்போது வாய்மூடி இருந்தனர். கடைசியில், மூலையிலே இருந்த ஓர் இளம் தாய் பேசினார். அவருக்கு ஒரே மகன். இரண்டு வயதும் எட்டு மாதமும்.

"எனக்குப் பிள்ளையோட கதைக்க வராது, தங்கச்சி. நாங்கள் முகாமில வளந்தனாங்கள். தகரத்துக்கு அங்கால மற்றச் சனம் படுத்திருக்கும். அம்மா எந்த நேரமும் 'சத்தம் போடாதே, சத்தம் போடாதே' எண்டுதான் சொல்லுவா. வேற ஒண்டும் சொன்னதா எனக்கு ஞாபகமில்லை."

ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்த தாய்மாரைக் கண்டபோதே நான் கைந்நூலை மூடியிருக்க வேண்டும். பேசாதே என்று வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறையிடம், பேசு என்று சொல்லிக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்பொழுது புரிந்திருக்க வேண்டும். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. முடிக்கவேண்டிய பக்கங்கள் இருந்தன. அடுத்த வரியை வாசித்தேன். பெற்றோர் குறைவாகப் பேசும் வீட்டிற் பிள்ளையும் பிந்தியே பேசும் என்பது அவ்வரியின் சாரம். அந்தத் தாய் குனிந்து பாயின் ஓலையை நுள்ளிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2006 ஓகஸ்டிலே ஏ-9 பாதை மூடப்பட்டபோது நான் நான்கு வயதுப் பிள்ளை. வடமராட்சியில் எங்கள் வீடு. மாலையில் ஊரடங்கு, மண்ணெண்ணெய் கிடைப்பதரிது, கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. அம்மா நேரத்தோடு விளக்கை அணைத்துவிடுவார். வீதியிலே சப்பாத்துச் சத்தம் கேட்டால் என் வாயின்மேல் அவருடைய கை வந்துவிடும். பிறகு, இருட்டிலே, என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகிலே விரலால் எழுதுவார். 'அ' என்றால் ஒரு முறையும் 'ஆ' என்றால் இரு முறையும் நான் அவருடைய மறு கையை அமர்த்த வேண்டும். பிழைத்தால் விலாவிலே கிச்சுக்கிச்சு. சத்தமின்றிச் சிரிக்கவேண்டும் என்பதே விளையாட்டின் கடினமான பகுதி. பள்ளிக்குப் போகுமுன்னரே எனக்கு உயிரெழுத்துக்கள் எல்லாம் தெரிந்திருந்தன. எவ்வாறு தெரிந்தன என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

நான்காம் வாரம் அந்தத் தாய் வரவில்லை. ஐந்தாம் வாரமும் வரவில்லை.

ஐந்தாம் வாரத்துப் பாடம் அடியாமல் வளர்ப்பது. 1991இலேயே சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு நமது நாடு. ஆயினும், பூவரசங்கம்பு இல்லாத வீட்டைக் காட்டுவது எளிதன்று. வட கிழக்கில் 2004 சுனாமிக்குப் பின்னர் தமிழ் மாணவரிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, போரும் கடலும் செய்த கொடுமையோடு வீட்டுக்குள் நிகழும் வன்முறையும் பிள்ளையின் மனத்தைப் பாதிப்பதை எடுத்துக்காட்டிற்று. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வோ, அத்தனை கொடுமைகளுக்குப் பின்னரும் பெற்றோரின் பரிவு பிள்ளைக்கு ஓரளவு காப்பாக நிற்கிறது என்றது. இரண்டாவதை முதலிற் சொன்னேன். அவ்வளவு புத்தி அதற்குள் வந்திருந்தது. அப்போது, முதல்நாள் என்னிடம் கேள்வி கேட்ட அதே அக்கா சொன்னார்:

"அடிச்சுப்போட்டு நான்தான் குசினிக்குள்ள போய் அழுறனான். முகாமில எல்லாக் குறையும் இருந்தது, ஆனால் பிள்ளையைத் தூக்க ஆள் இருந்தது. நான் கத்தினால் மாமி வருவா, பக்கத்துக் கொட்டில் ஆச்சி வருவா. இப்ப கல்வீடு இருக்கு, கதவு இருக்கு. கதவைச் சாத்தினால் நானும் பிள்ளையளும்தான்."

முகாம் வாழ்வைப் போற்ற அவர் இதைச் சொல்லவில்லை. நானும் அதற்காக எழுதவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே காயப்படுத்துகிறது என்று எழுதிவந்ததன் பொருள் எனக்கு அன்று அந்தப் பாயிலேதான் விளங்கிற்று. பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது அந்த அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாலை ஆறு மணிக்கு அவருடைய கையிலிருந்து கைக்குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் இல்லை என்பதே அவருடைய குறை. இதற்கு எமது கைந்நூலிற் பக்கமில்லை. தந்தையருக்கோ ஒரு தனி வாரமே ஒதுக்கப்பட்டிருந்தது. கடற்றொழிலாளர் பகலிலே தூங்கும் நேரத்தில் அது வைக்கப்பட்டமையால் ஒருவரும் வரவில்லை. பின்னர் கரையிலே, வலையைச் சரிசெய்யும் வாடிக்குள் நாங்களே போனோம். நால்வர் காதுகொடுத்தனர். அதில் ஒருவர், தம் மகள் தம்மைக் கண்டால் ஒளிப்பதாகச் சொல்லிவிட்டு வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் வாரத்துக்கு முன்னர், வராமல் நின்ற தாயைத் தேடி அவ்வூர்க் குடும்பநல உத்தியோகத்தரோடு சென்றேன். வகுப்பிலே நான் வாசித்த வரி எனக்கு முன்னரே அவ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "படிச்ச பிள்ளையளே சொல்லிப்போட்டினம், உன்ர வாய்தான் காரணம்" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். படலையிலே நின்ற நான் மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். குடும்பநல உத்தியோகத்தரோ தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறதா என்று விசாரித்தார். முருங்கை காய்த்திருப்பதைப் பார்த்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாமியாரும் வந்து திண்ணையில் இருந்தார். பையன் முற்றத்திலே கோழியைத் துரத்திக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னாலே போய், குடித்த சில்வர்ப் பேணியிலே கரண்டியாற் தட்டினார் உத்தியோகத்தர். கோழி திரும்பியது. பையன் திரும்பவில்லை. மறுபடி தட்டினார், இம்முறை பலமாக. அப்போதும் அவன் திரும்பவில்லை.

"இது உன்ர வாயின்ர பிழையில்லை, பிள்ளை. இவன்ர காதைப் பாக்கவேணும்."

மாமியாருக்குங் கேட்கும்படியாக அவர் அதைச் சொன்னார். தாய் எழுந்து உள்ளே போய், சிறிது நேரத்தின் பின்னர் முகங்கழுவிக்கொண்டு பதிவேட்டோடு வந்தார். கடிதம் எழுதப்பட்டது. இதை எழுதும் இந்நாளிலே பையன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் செவிப்புலச் சோதனைக்கு முறை வரக் காத்திருக்கிறான். நேரத்தோடு கண்டிருந்தால் என்று எல்லோரும் சொல்லலாம். எட்டு வாரப் பாடத்திலே காதைப் பற்றி ஒரு பந்தி இருந்தது, எழாம் வாரத்துக்குரியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்கள் புத்தகத்தில இருக்கிறதைத்தானே வாசிச்சனீங்கள்" என்றார். அது ஆறுதலாக எனக்குப் படவில்லை. வேறெதுவும் கொடுக்க என்னிடம் இல்லாமையால், எங்கள் அம்மாவின் முதுகு விளையாட்டைச் சொன்னேன். அவர் பையனைத் தூக்கி மடியிலே குப்புறக் கிடத்தி, விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். பையன் அசையாமற் கிடந்தான். இன்னொரு வட்டம். தலையைத் திருப்பித் தாயின் முகத்தைப் பார்த்தான். பின்னர், இன்னும் போடு என்பதுபோல மீண்டும் கவிழ்ந்து படுத்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன், அந்நாளில் ஏன் முதுகிலே எழுத்துப் பழக்கினீர்கள் என்று. பிள்ளை உளவியல் அறிந்த ஒருவரின் விடையை எதிர்பார்த்தேன் போலும். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"விளக்கில்லை, பிள்ளை. நித்திரையும் வராது உனக்கு. வேற என்ன செய்யிறது?"