ஆறினால் ஓடும் வண்டி

எங்கள் வீட்டில் உழைக்கும் ஜீவன்கள் மூன்று: இரண்டு கறவை மாடுகள், ஒரு மோட்டார் சைக்கிள். 2005ஆம் ஆண்டு வாங்கிய நூறு சி.சி. வண்டி. இண்டூர்ப் பக்கமுள்ள எங்கள் கிராமத்திலிருந்து விடியுமுன் அப்பாவையும், வெண்டைக்காய் மூட்டையையும், மூட்டைக்கு மேல் பாதியும் சீட்டில் மீதியுமாக என்னையும் சுமந்துகொண்டு தர்மபுரி உழவர் சந்தைக்குப் போவது அதன் தொழில். காய் விற்றதும் நான் கல்லூரிக்கு நடந்துவிடுவேன்.

2023 புரட்டாசியில் ஒரு நாள், வழியில் தேநீர்க் கடை முன் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பவில்லை. அப்பா உதைத்தார். நான் உதைத்தேன். முன்பின் அறியாத ஒருவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து உதைத்தார். (இந்தப் பொதுத் தொண்டு நம் ஊரில் கேளாமலே கிடைக்கும்.) பெட்ரோல் இருந்தது. அரை மணி கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் முதல் உதையிலேயே கிளம்பியது! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. காய் பாதி விலைக்குப் போயிற்று.

"நேத்து பம்ப்செட்டுல தண்ணி அடிச்சுக் கழுவினியே, அதான்" என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தாலும் தேவலை.

அடுத்த இரு நாளும் அதே கதை. நானோ இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன். மின்காந்தத் தூண்டலை ஃபாரடே 1831இல் கண்டறிந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியவன். சும்மா இருக்கலாமா? மாலையில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, என்ஜின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தேன். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. நண்பனின் மல்ட்டிமீட்டரை வாங்கிப் பிக்கப் காயிலை அளந்தேன். இருநூறு ஓம் சொச்சம், குறையில்லை. எஞ்சியது சி.டி.ஐ. என்னும் கறுப்புப் பெட்டி. அதைத் திறந்து பார்க்க வழியில்லை. ஆகவே குற்றவாளி அதுதான் என்று தீர்ப்பளித்தேன். தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் 450 ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கி மாட்டினேன்.

மறுநாள் காலை, அதே தேநீர்க் கடை. வண்டி நின்றது. எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அன்று சாலையோர மெக்கானிக் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனோம். நான் என் ஆராய்ச்சியை எல்லாம் ஒப்பித்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதெல்லாம் வண்டி சூடா இருக்கப்ப பார்த்தீங்களா, ஆறினப்புறமா?"

நான் விழித்தேன்.

அவர் ஒயரைப் பிரித்துத் தம் மீட்டரை வைத்தார். காயிலில் மின்தொடர்பே இல்லை! பிறகு ஈரச் சாக்கு ஒன்றை மேக்னெட் மூடிமேல் போட்டுவிட்டு, வேறொரு வண்டிக்குப் பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். கால் மணி கழித்து வந்து அளந்தபோது முள் எழுந்து இருநூறு ஓமைக் காட்டியது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. காந்தம் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 'இப்போது பொறி விடு' என்று சி.டி.ஐ.க்குச் சொல்வது அந்தக் காயில்தான். மயிரிழை போன்ற அதன் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. சூட்டில் விரிந்தால் முனைகள் விலகும். ஆறினால் மீண்டும் தொட்டுக்கொள்ளும். நான் அளந்ததெல்லாம் வண்டி நலமாயிருந்த நேரங்களில்!

"தண்ணி அடிச்சதாலயா அண்ணே?" என்று கேட்டேன், அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கவே.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வயசாயிடுச்சு."

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். புதுக் காயில் மாட்டிய மூன்றாம் நாள், சந்தையில் காய் விற்ற பணத்தை எண்ணி என் சட்டைப் பையில் வைத்தார். "பீசு கட்டிடு. அபராதம் கேட்டா அதுக்கும் சேர்த்துதான் இருக்கு."

கழற்றிய பழைய சி.டி.ஐ. இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை.