ஆட்டையாம்பட்டி வெயிலுக்கு எந்தக் குடில்?

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. பெயரைச் சொன்னதுமே வெளியூர்க்காரர்களுக்குக் கைமுறுக்குதான் ஞாபகம் வரும். கடைத்தெருவையும் தறிச் சத்தத்தையும் தாண்டினால் காடுகழனி. மரவள்ளி, நிலக்கடலை, சோளம். கிணறு கைகொடுக்கும் இடங்களில் தக்காளி, கத்தரி. பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் அரளித் தோட்டங்கள். வடக்கே சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு குளுகுளுவென்று இருக்க, கீழே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்.

இந்த வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் பசுமைக்குடில் போட்டால் பணம் கரைந்துவிடும்.

ஓசூர், தளி பக்கம் போய் ரோஜாக் குடில்களைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சமவெளி 300 மீட்டருக்கும் கீழே. அந்த உயர வித்தியாசத்தாலேயே ஏறக்குறைய 4 டிகிரி வெப்பம் இங்கே கூடுதல். காற்றோட்டம் குறைந்த பாலித்தீன் குடிலுக்குள் மதியத்தில் வெளியைவிடவும் சூடு ஏறும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். குடைமிளகாய் அதற்கு முன்பே பூவைக் கொட்டிவிடும். செடி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும், காய் இருக்காது.

ஹாலந்தின் கண்ணாடிக் குடில்கள் குளிர்நாட்டில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகப் பிறந்தவை. நமக்குத் தேவை நேர்எதிர். நாம் பார்க்க வேண்டியது ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவை. 30,000 ஹெக்டேருக்கும் மேல் குடில்கள் உள்ள வறண்ட வெயில் பூமி அது. அங்கே முதலில் வந்த குடில், திராட்சைப் பந்தலின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்ததுதான். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பாகலும் புடலும் ஏற்றுகிற நம் பந்தலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். கோடை வந்தால் அங்கே கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்புக் கரைசலைத் தெளித்துவிடுகிறார்கள். வெயில் தணிந்ததும் கழுவிவிடுகிறார்கள். பெரிய செலவில்லாத வேலை.

சமவெளியில் குடில் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது உயரம். உச்சி 6 மீட்டருக்குக் குறையக் கூடாது. சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேறக் கூரை உச்சியில் திறப்பு வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால், அந்தத் திறப்பு காற்றுக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்து இருக்கட்டும். எதிர்த்து நின்றால் தாளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பக்கத் திறப்பும் உச்சித் திறப்பும் சேர்ந்து, தரைப்பரப்பில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பூச்சிவலை காற்றைத் தடுக்கும். அதனால் திறப்பு இன்னும் அதிகம் இருந்தாலும் தப்பில்லை. மின்விசிறியும் ஈரத்தட்டியும் வைத்தால் நம் வறண்ட கோடையில் நன்றாகவே குளிரும். ஆனால் கரண்ட் பில் ஒருபுறம், போர்வெல் உப்புத் தண்ணீர் தட்டியை அடைப்பது மறுபுறம்.

சித்திரை, வைகாசியில் குடிலைக் காலியாக விடுவதே புத்திசாலித்தனம். மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நான்கைந்து வாரம் மூடிவைத்தால் அந்த வெயிலே நூற்புழுவைக் குறைக்கும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்கிற குடில்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் புழுதான்.

1,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 25 சென்ட். தோட்டக்கலைத் துறை வழியாக, அரசு நிர்ணயித்த செலவில் 50 சதவீதம் மானியம் உண்டு. மீதிப் பாதி நம் கைக்காசு, இல்லையென்றால் வங்கிக் கடன். பூ உதிர்ந்தாலும் தவணை நிற்காது. அதனால் சிறு விவசாயி நிழல்வலைக் குடிலில் தொடங்குவதே மேல். 2004-05-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டத்துக்குப் பிறகு குழித்தட்டு நாற்று அந்தப் பக்கமெல்லாம் பரவியது. 50 சதவீத நிழல்வலை, தென்னைநார்க் கழிவு, 98 குழித் தட்டு இருந்தால் தக்காளி நாற்று 25 நாளில் தயார். அக்கம்பக்கத்தில் தக்காளி வைக்கிறவர்கள் இருக்கும்வரை நாற்றுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்.

பாலித்தீன் குடில்தான் என்று முடிவெடுத்தவர்கள் வாய்க்கால் தகட்டை மறக்க வேண்டாம். சேலம் பக்கம் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். 1,000 சதுர மீட்டர் கூரையில் விழுவது 9 லட்சம் லிட்டர். சிந்தியது போக முக்கால்வாசி பிடித்தாலும் ஆறரை லட்சத்துக்கு மேல் வரும், அதுவும் உப்பில்லாத தண்ணீர். குடிலுக்கு இடம் அளக்கும் அன்றே பண்ணைக்குட்டைக்கும் கயிறு போட்டுவிடுங்கள். ஆட்கள் சொட்டுநீர்க் குழாயைப் பதித்த பிறகு குட்டைக்கு இடம் தேடினால், அது எப்போதும் மேட்டில்தான் கிடைக்கும்.