கிணற்றடியில் ஒரு பாடம்

சென்ற விடுமுறையிலே, புளியங்கூடலில் வாழும் எமது தமக்கையாரைக் காணச் சென்றிருந்தோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணைத் தீவினுட் புகுந்து, அவ்வூரை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. முற்றத்திற் கால் வைத்ததும் தமக்கையாரின் இளைய மகள், மூன்றாம் வகுப்பிற் படிப்பவள், எம்முன்னே வந்து கைகட்டி நின்றாள். "சடப்பொருள் என்பது இடத்தை அடைப்பதும் திணிவு உடையதுமாகும்" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். கல்லூரியிற் கற்பிக்கும் மாமனை மகிழ்விப்பதற்காக, தன் அக்காளின் விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து மனனஞ் செய்து வைத்திருந்தாளாம்.

நாம் உள்ளம் பூரித்தோம். அருகிலிருந்த வெறுங் கண்ணாடிக் குவளையை எடுத்து, "இதனுள் என்ன இருக்கிறது?" என்று வினவினோம்.

"ஒண்டுமில்லை, மாமா."

காற்றும் சடப்பொருளே என்று விளக்கத் தொடங்கினோம். அணு என்றோம், மூலக்கூறு என்றோம். கால் மணி நேரஞ் சென்றது. குழந்தையின் முகம் வாடிற்று. பெருமையோடு வந்தவள், தான் ஏதோ பிழை செய்துவிட்டவள்போலத் தலை குனிந்து நின்றாள்.

உண்மையைச் சொல்வதானால், இந்த முகவாட்டம் எமக்குப் புதியதன்று. எமது கல்லூரி வகுப்பிலும் வரைவிலக்கணங்களைப் பிழையின்றி எழுதுவோர் பலர். வெறுங் குவளையைக் காட்டினால் தயங்குவோரும் அவர்களே. அவர்களைக் குறைகூறியே ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்டோம். அக்குறை எவ்வாறு உண்டாகின்றது என்பதை, அதனை நாமே உண்டாக்கிக்கொண்டிருந்த அந்த வேளையிலேதான் கண்டுகொண்டோம்.

அடுக்களை வாயிலில் நின்ற தமக்கையார் பொறுமையிழந்தார். "தம்பி, உந்தப் பிரசங்கம் காணும். பிள்ளையைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

கிணற்றடிக்குச் சென்றோம். பழைய செய்தித்தாள் ஒன்றைக் கசக்கிக் குவளையின் அடியில் இறுக்கி வைக்குமாறு சிறுமியிடங் கூறினோம். பின்னர், குவளையை நேராகக் கவிழ்த்துத் தொட்டி நீரில் அமிழ்த்தச் சொன்னோம். அவள் அமிழ்த்தி எடுத்தாள்; தாள் நனையவில்லை. மீண்டும் அமிழ்த்திச் சற்றே சரித்தாள். குமிழிகள் எழுந்தன; நீர் உள்ளே புகுந்தது. "மாமா, காத்து இடம் விட்டிட்டுது!" என்று கூவினாள். எமது கால் மணி நேரப் பிரசங்கத்தை அவள் நான்கு சொற்களில் முடித்துவிட்டாள்.

அவ்வீட்டில் மின்மோட்டர் பூட்டியிருந்தும், கப்பியும் வாளியும் இன்னுங் கழற்றப்படவில்லை. அவளோடு நாமும் கயிற்றைப் பிடித்து நீர் மொண்டோம். அவள் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்க, வாளி மேல்நோக்கி வந்தது. அவள் இழுப்பதும் விசை. வாளியைப் பூமி தன்பால் இழுப்பதும் விசை. கப்பி அவளது விசையின் திசையை மாற்றிக் கொடுத்ததேயன்றிப் பாரத்தைக் குறைக்கவில்லை. மேலே வந்த வாளியைக் கைவிடச் சொன்னோம். கப்பி கடகடவென்று சுழன்றது. கிணற்றுள் நீர் சிதறிற்று. அவளது கை வாளிக்குக் கொடுத்ததையே வாளி திருப்பிக் கொடுத்தது என்றும், அதற்குச் சக்தி என்று பெயர் என்றுங் கூறினோம்.

"சக்தி எண்டால் எங்கடை அம்மனெல்லோ?" என்றாள்.

மாரியம்மன் கோயில் கொண்டிருக்கும் ஊரிலே பிறந்த குழந்தை வேறெவ்வாறு கேட்கும்? நாம் நகைக்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர், புதுக் கலைக்குச் சொல் வேண்டியபோது மக்கள் நாவிற் பழகிய சொல்லையே முதலில் தேடினார். வீட்டுச் சொல் வகுப்பறைக்கு வருவது நன்மையே. "அம்மனிடத்தில் வேண்டுவது ஒரு சக்தி, இந்தக் கயிற்றில் நீ உணர்ந்ததும் சக்திதான். இதை அளந்து பார்க்கலாம்" என்றோம். அவள் தலையசைத்தாள்.

இலண்டனிலே 1860ஆம் ஆண்டின் நத்தார் விடுமுறையில், மைக்கல் பரடே என்னும் பேரறிஞர் சிறுவர்களுக்கு ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. அவருக்கு மெழுகுவர்த்தி போதுமாயின் நமக்குக் கிணற்றடி போதாதா?

தீவகத்தார்க்கு இப்பாடம் விளையாட்டுமன்று. மாலையிலே இரு பாத்திரங்களில் நீர் எடுத்து, ஒன்றில் உப்பை நிறையக் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை இடச் செய்தோம். நன்னீரில் முட்டை தாழ்ந்தது, உப்புநீரில் மிதந்தது. ஒரு லீற்றர் கடல்நீர் அதே அளவு நன்னீரைவிட ஏறக்குறைய 25 கிராம் திணிவு கூடியது. ஆதலினாலே, நிலத்துள் இறங்கிய மழைநீர் கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நமது நல்ல கிணறுகளில் ஊறுவது அந்நீரே. அளவின்றி இறைத்து நன்னீரின் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலேறக்கூடும் என்பது நீரியலார் கணக்கு. ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் திருந்துவதில்லை.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. இலங்கையில் விஞ்ஞானம் தனிப் பாடமாகத் தொடங்குவது ஆறாம் வகுப்பில். அதற்கு முன்னே வரைவிலக்கணங்களை வாயில் திணிக்க வேண்டா. குவளையையுங் கயிற்றையுங் கையிற் கொடுங்கள். பொருளைக் கண்ட குழந்தை, அதன் பெயரைத் தானே கேட்கும்.

மறுநாட் காலையில் தோட்டத்துக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. பாத்திகள் நிறைந்து, வாய்க்காலிலும் நீர் வழிந்தோடிற்று. எவரும் கவனித்திலர். சிறுமி மாத்திரம் வாய்க்காலையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எம்மிடம் ஓடி வந்தாள்.

"மாமா, மோட்டரை நிப்பாட்டட்டோ?"