அபிராமத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை

மதுரை–ராமேசுவரம் சாலையில் பார்த்திபனூரில் இறங்கி, கமுதி பஸ் ஏறினால் வழியில் அபிராமம் வரும். இருபுறமும் சீமைக் கருவேலம். நடுநடுவே வறண்ட கண்மாய்கள். நான் போனது பங்குனி மாதம். களங்களில் சிவப்புப் பாய் விரித்தாற்போல் குண்டு மிளகாய் காய்ந்து கிடந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான். நெடி தாங்காமல் நான் தும்ம, அத்தை சிரித்தார்.

அத்தை வீடு அபிராமத்தை அடுத்த ஒரு சின்ன கிராமத்தில். மருமகளுக்கு ஆறு மாதம். முகம் வெளுத்திருந்தது, தண்ணீர்க் குடம் எடுத்து வருவதற்குள் மூச்சு வாங்கியது.

"ரத்தம் பார்த்தாங்களா?" என்றேன்.

"பார்த்தாங்கக்கா. ஒன்பதுன்னு எழுதிக் குடுத்தாங்க."

கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே அது ரத்தசோகை. "மாத்திரை?" என்று கேட்டதும், அடுக்களையில் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அட்டை அட்டையாக எடுத்து வந்தாள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை!

"அதைத் தின்னா பிள்ளை கறுத்துப் போகுமாம் தாயி" என்றார் அத்தை. "மறுபடி போய்க் கேக்கலாம்னா, மிளகாப் பறிப்பு நேரத்துல ஒரு நாள் கூலி போகும். போனாலும் எரிஞ்சுல்ல விழுவாக."

பல வருஷங்களுக்கு முன் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில், பிரசவ வலியோடு நின்றபோது யாரோ திட்டிய திட்டு அத்தைக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு சொல் அவரோடு போகாமல், மருமகளின் மாத்திரை வரைக்கும் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். மூவருமாக அபிராமம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இது சின்ன விஷயமில்லை. பஸ்ஸுக்குக் காசு கேட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாமல்லவா?

அங்கிருந்த நர்ஸம்மா, பிரிக்காத அட்டைகளைப் பார்த்தும் கோபிக்கவில்லை. அத்தையை உட்காரச் சொல்லிவிட்டு, "மலம் கறுப்பாப் போறதைப் பார்த்துட்டுச் சொல்றீங்களாம்மா? அது இரும்போட நிறம். பிள்ளையோட நிறம் அப்பன் ஆத்தா குடுக்கிறது" என்றார். அத்தையே சிரித்துவிட்டார். "ரத்தம் கம்மியா இருந்தா, பிரசவத்துல கொஞ்சம் போனாலும் உடம்பு தாங்காதும்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதினார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஏழை நாடுகள் பலவற்றின் கதை இது. நம் மாநிலம் இரண்டாவதை நன்றாகவே குறைத்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை! பிரசவத்துக்குப் போகிறோம், அதற்கு முந்தைய மாதங்களைக் கோட்டை விடுகிறோம். அந்த மாதங்களில் முடிவு நடப்பது ஆஸ்பத்திரியில் அல்ல, நம் அடுக்களையில்.

நர்ஸம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். காப்பி, டீ, பாலோடு வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் போட வேண்டும். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். மலச்சிக்கலுக்குக் கீரையும் நிறையத் தண்ணீரும். எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நாமாக நிறுத்தாமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகளைத் தனியே அனுப்பாமல் ஒருமுறை கூடப் போய் வாருங்கள். உங்கள் மனத்திலிருக்கும் சந்தேகத்தை நீங்களே கேட்டால்தான் தீரும்.

நான் ஊர் திரும்பிய பிறகு மருமகள் போன் செய்தாள். "அக்கா, ராத்திரி சாப்பிட்டதும் அத்தையே மாத்திரையும் தண்ணியுமா வந்து நிக்கிறாங்க. முழுங்கினப்புறம்தான் நகர்றாங்க!"

பின்னால் அத்தையின் குரல் கேட்டது: "வர்ற செவ்வாக்கிழமையும் நாந்தான் கூடப் போறேன்னு சொல்லு."