ஈயலம்பத்துக் குளமும் அக்காள் வீடும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய் வந்தேன். ஏரி பார்க்கப் போனேன் என்றால் அது பாதி உண்மைதான். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன என் அக்காள் அங்கே ஒரு வீடு வாங்க நினைக்கிறார். "தம்பி, நீ வாத்தியாரு, நாலும் தெரிஞ்சவன். தண்ணி ஏறுமா ஏறாதான்னு வந்து பாத்துச் சொல்லுடா" என்று ஒரே பிடிவாதம். 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மழையில், கிள்ளான் பக்கம் அவர் இருந்த வாடகை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அம்மாவின் ஒரே படம் எல்லாம் சேற்றோடு போயின. பிறகு யாருக்குத்தான் அச்சம் இருக்காது?

ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமம். பக்கத்திலேயே ஈயலம்பம். உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயலம்பங்களில் ஒன்றாக விளங்கிய ஹொங் ஃபாட் சுரங்கம் அங்கேதான் இருந்தது. ஈயம் எடுத்த பள்ளத்தில் நீர் நிறைந்து பெரிய ஏரியாகிவிட்டது. இன்று அதன் கரையில் ஹோட்டல், மாளிகை வீடுகள், பேரங்காடி. பேரங்காடிக்கு உள்ளேயே ஒரு வாய்க்கால், அதில் படகு! பார்க்க வேண்டிய காட்சிதான். கடையில் எதையும் வாங்காமல் திரும்பினால் பைக்கும் நல்லது.

குளங்கள் அழகுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பால்மரக் காட்டுச் சரிவில் மண்குழி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீரை அது சற்று நிறுத்தி, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பட்டணத்துக் குளத்தின் வேலையும் அதேதான். காடு இருந்தபோது மண் குடித்த மழையைத் தாரும் சிமெண்டும் குடிப்பதில்லை. மொத்தமும் ஒரே மூச்சில் கால்வாய்க்கு ஓடுகிறது. ஆகவே குளத்துக்கு நீர் வரும் வாயைப் பெரிதாகவும், போகும் வாயைச் சிறிதாகவும் வைக்கிறார்கள். மழைக்கு முன் குளத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். விளிம்புவரை நிறைந்த குளம் கண்ணுக்குக் குளிர்ச்சி, வெள்ளத்துக்கு உதவாது. வண்டலும் குப்பையும் சேர்ந்தால் அந்தக் காலி இடமும் சுருங்கிவிடும். புதிய குடியிருப்புகள் மழைநீரைத் தங்கள் எல்லையிலேயே தேக்கி மெதுவாக விட வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000-ஆம் ஆண்டில் ஒரு கையேடே வெளியிட்டது.

1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன் பிறகு நடந்த எத்தனையோ வேலைகளில் வியப்பானது 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம். நீளம் 9.7 கிலோமீட்டர். அம்பாங் அருகே கிள்ளான் ஆற்று வெள்ளத்தை விழுங்கி, தாமான் டேசா குளத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கெராயோங் ஆறு வழியாக மறுபடி கிள்ளான் ஆற்றுக்கே. சாதாரண நாளில் நடுப்பகுதியில் கார்கள் ஓடும். நடுத்தர மழையில் சாலைக்கு அடியில் மட்டும் நீர் போகும். பெருமழை என்றால் கார்களை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து, சுரங்கம் முழுவதையும் வெள்ளத்துக்கே விட்டுவிடுவார்கள். குளங்களோடு சேர்த்துச் சுமார் 30 லட்சம் கன மீட்டர் நீரைத் தாங்கும். அது காப்பது நகரத்தின் நடுப்பகுதியை. ஆற்றின் கீழே இருக்கிற நம்மவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கடலில் நீர் ஏற்றம் இருக்கும் வேளையில் மழை பெய்தால் ஆறு எங்கே போய் வடியும்?

சரி, அக்காள் வீட்டுக்கு வருகிறேன். விற்பவர் காட்டியவை இரண்டு. மூலை வீடு விலை குறைவு, புது வண்ணம். பின்னால் கால்வாய். அதன் கம்பித் தடுப்பில் சோற்றுப் பொட்டலப் பெட்டிகள், போத்தல்கள், ஒரு மெத்தை! முன்வாசலில் வண்ணம் புதிது. பின்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "ரெண்டு தடவை வந்துச்சு, ஐயா" என்றார்.

மேட்டுத் தெருவில் இருந்த மற்ற வீட்டுக்குச் சாலையிலிருந்து நான்கு படி ஏற வேண்டும். விலை கூடுதல். அக்காள் இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூலை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டார். இப்போது மச்சான் கூட்டுறவுக் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அடுத்த மழைக்கு முன் பதில் வர வேண்டும்.