முதலும் வளர்ச்சியும்

இவ்விழா மலரில் எம் பிழையொன்றைக் கூற விழைகின்றோம். எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் நல்லெண்ணெய்ச் செக்கு நடத்துகின்றார். 2021ஆம் ஆண்டில் இரண்டாஞ் செக்கு வாங்க அவர் வங்கிக் கடனை நாடியபோது, "துணிக" என்று கூறிப் பிணைக் கையொப்பமும் இட்டோம். ஊக்கத்தைப் போற்றினோம், கணக்கை நோக்கினோமில்லை.

எள்ளை ரொக்கத்திற்கு வாங்கி, எண்ணெயைக் கடைகளுக்கு ஒருமாதத் தவணையிற் கொடுப்பது அவர் வழக்கம். விற்பனை இருமடங்காகவே, கடைகளில் முடங்கிய பணமும் இருமடங்காயிற்று. ஏட்டில் இலாபம் இருந்தது. பெட்டியிற் பணம் இல்லை. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குப் பெற்ற அக்கடனின் தவணைப் பணமும் ஏறிற்று. புதிய செக்கை விற்றே அவர் கடனைத் தீர்த்தார். எம்மை ஒரு சொல்லேனும் குறை கூறினாரில்லை. அதுவே எம்மை வருத்திற்று.

இன்று அவர் கடைகளுக்குப் பதினைந்து நாட்களே தவணை கொடுக்கின்றார். மூன்று மாதச் செலவுக்குரிய பணம் கையிற் சேர்ந்த பின்னரே அடுத்த அடியை வைக்கின்றார்.

தொழில் தொடங்க விழையும் இளைய மாணவர்காள்! ஊக்கம் உடையார்க்கும் கணக்கு வேண்டும். யாம் கற்பிக்கத் தவறிய இப்பாடத்தை எம் மாணவரிடமே கற்றோம்.